பொட்டு வைக்காத ஜீரோ

எழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கு. இதை நானாகச் சொல்லவில்லை. ஒரகடத்தில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த மூன்று பேரும் ஒருமனதாகக் கொடுத்த தீர்ப்பு. ஓட்டலில் மெனு அட்டையைக் கையில் கொடுத்தால் மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள். நான் எழுத்தைப் பார்ப்பேன். "ஏலேய், பரோட்டாங்கிற எழுத்து நல்லா இருக்கா, இட்லிங்கிற எழுத்து நல்லா இருக்கா? சீக்கிரம் சொல்லித் தொலை, பசிக்கி" என்று கத்துவான் அவர்களில் ஒருவன். அவனும் என்னைப் போலத் தெற்கே கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவன்தான். ஊர்க்காரனே மானத்தை வாங்கினால் யாரிடம் போய் முறையிடுவது!

என் வேலை அப்படி. காரின் கதவு ஓரத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் பட்டை ஓடுமே, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது, அதைச் செய்கிற கம்பெனி எங்களுடையது. எந்தப் பெட்டியில் எந்தப் பட்டை போனது, எத்தனை போனது என்று பார்த்துச் சொல்கிற புரோகிராம்களை எழுதுவது என் வேலை. காலையில் உள்ளே போனால் சாயங்காலம் பஸ் ஏறும் வரை திரையில் எழுத்தைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. நாள் முழுக்கப் பார்க்கிற முகம் லட்சணமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது ஒரு தப்பா?

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஃபான்ட் உண்டு. சாதாரணப் புத்தக எழுத்தில் ஒல்லியான எழுத்து கொஞ்சம் இடம் எடுத்துக்கொள்ளும், குண்டான எழுத்து நிறைய எடுத்துக்கொள்ளும். இதில் அந்தக் கதையே கிடையாது. கம்பெனி பஸ் மாதிரி, ஒல்லியோ குண்டோ ஆளுக்கு ஒரு சீட். எல்லாம் ஒரே அகலம். அதனால் ஒரு வரிக்குக் கீழே அடுத்த வரி நேர்கோட்டில் வந்து நிற்கும். ஏதாவது ஒன்று பிசகினால் உடனே கண்ணில் படும். நான் தேர்ந்தெடுத்து வைத்திருந்த ஃபான்ட்டில் இன்னொரு விசேஷம், ஜீரோவுக்கு நடுவில் ஒரு சின்னப் பொட்டு இருக்கும். ஜீரோ எது, ஓ என்கிற இங்கிலீஷ் எழுத்து எது என்று குழம்பிவிடக் கூடாது அல்லவா, அதற்காக. அதைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, "பொண்ணு பாக்கப் போறப்பவும் இப்படித்தான் உக்காந்து யோசிப்பியோ, எவன்லே உனக்குக் குடுப்பான்" என்றான் அதே ஊர்க்காரன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவள் இல்லை, கம்பெனியே அக்கா என்று கூப்பிடுகிறவள். பேக்கிங் லைனில் வேலை பார்த்தாள். சொந்த ஊர் பிள்ளைப்பாக்கம். நான் சேருவதற்கு ரொம்ப வருஷங்களுக்கு முன்னாலேயே சேர்ந்தவள். பட்டைகளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து, லேபிள் ஒட்டி, கையிலிருக்கிற ஸ்கேனரால் அந்த லேபிளை ஒரு சுடு சுட்டு அனுப்ப வேண்டும். ஷிஃப்ட் முழுவதும் நின்றுகொண்டே செய்கிற வேலை. வாய் மட்டும் நிற்காது. லைனில் யார் என்ன செய்தாலும் அக்காவிடம் ஒரு கமென்ட் தயாராக இருக்கும். நான் முதன்முதலில் அந்தப் பக்கம் போனபோது என் தெற்கத்திப் பேச்சைக் கேட்டுவிட்டு, "இன்னாப்பா இது, பேசுறியா பாடுறியா?" என்று கேட்டவள்.

அவளுக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு வீங்க ஆரம்பித்திருந்தது. சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். இப்படியே நின்றுகொண்டிருந்தால் வேலையை விட வேண்டியதுதான் என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை விடுகிற நிலையில் வீடு இல்லை. நிலத்தை விற்ற பணம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. வீட்டுக்காரர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் காலேஜில் சேர்ந்திருந்தாள். "டாக்டரு நிக்காதேன்றாரு, சூப்பர்வைசரு உக்காராதேன்றாரு. நான் இன்னா அந்தரத்துல தொங்கவா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். கேட்டுக்கொண்டிருக்கிற நமக்குத்தான் சிரிப்பு வராது.

அந்தச் சமயத்தில் கம்பெனியில் என் அறையில் எனக்குப் பக்கத்து நாற்காலி காலியானது. அதில் உட்கார்ந்திருந்தவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். ஸ்கேன் ஆகி வருகிற கணக்கைப் பார்த்து ரிப்போர்ட் எடுக்கிற சீட் அது. சேதி காதில் விழுந்த அன்றைக்கே அக்கா நேராக மேனேஜரிடம் போய் நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள் நான், சர்டிஃபிகேட் பத்திரமாக இருக்கிறது, அந்த சீட்டுக்கு என்னைப் போடுங்கள் என்றாள். மேனேஜர் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் சும்மா தூக்கிக் கொடுக்கிறவரும் இல்லை. பேக்கிங்கில் இன்றைக்கு எந்தப் பார்ட் எத்தனை பெட்டி போயிருக்கிறது என்று காட்டுகிற ஒரு ரிப்போர்ட்டை நீயே எழுதிக் காட்டு, சரியாக வந்தால் சீட் உனக்கு, இல்லாவிட்டால் வெளியிலிருந்து ஆள் எடுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

டீ பிரேக்கிலும் சாப்பாட்டு பிரேக்கிலும் அக்கா என் அறைக்கு வர ஆரம்பித்தாள். வந்ததும் செய்கிற முதல் காரியம், அந்தக் காலி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வது. "புரோகிராம் அப்பாலிக்கா. மொதல்ல கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்பாள். மூச்சு வாங்கி முடித்ததும் கீபோர்டை இழுத்துக்கொள்வாள். அடித்தது இரண்டு விரலால்தான், ஆனால் சூட்டிகை. ஒரு தடவை சொன்னதை மறுதடவை கேட்க மாட்டாள்.

ஒருநாள் சாதாரண எழுத்தில் அவள் புரோகிராம் அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். எனக்கு வந்ததே கோபம்! "அக்கா, இதென்ன கல்யாணப் பத்திரிகையா அடிக்கீங்க? இந்த எழுத்துல எழுதினா அது புரோகிராமே இல்ல. டைப்ரைட்டர்ல அடிச்ச மாதிரி எல்லாம் ஒரே அகலத்துல வரிசையா நிக்கணும். அப்பதான் புரோகிராம்" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். என் திரையைக் காட்டினேன். பொட்டு வைத்த ஜீரோவைக் காட்டினேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இன்னா பயபக்திப்பா உனக்கு! சூடம் ஒண்ணுதான் கொளுத்தல" என்றாள். கேலி பண்ணினாளே தவிர, சொன்னதை மனதில் வாங்கிக்கொண்டாள். எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

ரிப்போர்ட் ஒருவழியாகத் தயாரானது. அருமையாகவே ஓடியது. அந்த சனிக்கிழமை ஷிஃப்ட் முடிகிற சமயத்தில் மேனேஜர் பேக்கிங் லைனுக்குப் போய் அக்காவிடம், புது மாடல் ஆரம்பித்துவிட்டது, நாலு பார்ட் நம்பர் புதிதாக வந்திருக்கிறது, அதையும் சேர்த்துத் திங்கட்கிழமை மதியம் காட்டு என்றார். செவ்வாய்க்கிழமை வெளியாள் ஒருவரை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா அந்த நாலு நம்பரையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வேனுக்கு ஓடினாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே போனில் அடித்து எனக்கு மெயில் அனுப்பிவிட்டாள். திங்கட்கிழமை காலையில் நான் அதை அப்படியே எடுத்து அவள் புரோகிராமில் ஒட்டி ஓடவிட்டேன்.

பழைய பார்ட் எல்லாம் சரியாக வந்தது. புது பார்ட் நாலுக்கும் ஜீரோ. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் புது மாடல் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருக்கின்றன. ஸ்கேன் ஆகித்தான் வந்து நிற்கின்றன. ஆனால் திரையில் பார்த்தால் ஒரு பெட்டிகூட வரவில்லையாம்.

அதைவிட என் கண்ணை உறுத்தியது வேறொன்று. அந்த நாலு வரியில் இருந்த எழுத்து கொஞ்சம் மெலிந்திருந்தது. அதே டைப்ரைட்டர் எழுத்துதான், ஒரே அகலம்தான், ஆனால் ஒரு சுற்று இளைத்திருக்கிறது. மற்ற வரிகளோடு நேராக நிற்காமல் ஒரு மயிரிழை தள்ளி நிற்கிறது. ஜீரோவைப் பார்த்தேன். பொட்டைக் காணோம்! மேல்வரியில் ஜீரோ பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறது, கீழ்வரியில் ஜீரோ வெறும் நெற்றியோடு நிற்கிறது. ஒரே திரை, ஒரே ஃபான்ட், இரண்டு விதமான ஜீரோ. நான் பார்த்துப் பார்த்து எடுத்த ஃபான்ட் இப்படி என் கழுத்தை அறுக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

டீ பிரேக்கில் அக்கா வந்தாள். திரையை ஒரு பார்வைதான் பார்த்தாள். "இன்னா தம்பி, இந்த நாலு மட்டும் மெலிஞ்சு கீது? சோறு போடலியா?" என்றாள்.

"ஃபான்ட்ல ஏதோ கோளாறுக்கா. நீங்க பேசாம இருங்க, நான் பாக்கேன்."

பார்த்தேன். என்னென்னவோ செய்து பார்த்தேன். ஃபான்ட்டைத் தூக்கிவிட்டு மறுபடி போட்டேன். எழுத்தைப் பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன். லைனில் பட்டையை அளக்க வைத்திருக்கிற ஸ்டீல் ஸ்கேலை வாங்கி வந்து திரையில் வைத்து எழுத்தை அளந்தேன். திரைதான் கெட்டுவிட்டதோ என்று அடுத்த அறையிலிருந்து வேறு திரையைத் தூக்கி வந்து மாட்டினேன். புதுத் திரையிலும் நாலு வரியும் நோஞ்சானாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஆளைக் கூப்பிட்டேன். தாம்பரத்துப் பையன். எதற்கும் பதறாத ஜாதகம். வந்து நின்று, "ரீஸ்டார்ட் பண்ணீங்களா பாஸ்?" என்று கேட்டான். பண்ணினேன் என்றேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான், கொஞ்ச நேரம் என் கையிலிருந்த ஸ்கேலைப் பார்த்தான். "கண் டாக்டரைப் பாத்துட்டு வந்துருங்க பாஸ், மணிமங்கலத்துல கேம்ப் போட்டிருக்காங்களாம்" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த ஸ்கேலாலேயே அவனை ஒன்று போட்டிருப்பேன், அதற்குள் கதவைத் தாண்டிவிட்டான்.

கடைசியாக வேறு வேறு ஃபான்ட்டாக மாற்றிப் பார்த்தேன். தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, சதுர எழுத்து. ஒவ்வொரு தடவையும் புரோகிராம் மொத்தமும் உருமாறியது. அந்த நாலு வரி மட்டும் அசையவில்லை.

அக்கா சாப்பாட்டு பிரேக்கில் டிஃபன் டப்பாவோடு வந்து நின்று இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். "தம்பி, எல்லாரும் டிரெஸ்ஸு மாத்துறாங்கோ, இவங்கோ மட்டும் போட்டதையே போட்டுகினு நிக்கிறாங்கோ பாரு. எனக்கு இன்னா தோணுதுன்னா, இவங்கோ நம்மாளுங்க இல்ல. பக்கத்து கம்பெனி ஆளு நம்ம பஸ்ல ஏறி உக்காந்தா மாதிரி கீது."

அதைச் சொன்னதும் எனக்கு உறைத்திருக்க வேண்டும். எங்களுக்கும் பக்கத்துக் கம்பெனிக்கும் யூனிஃபார்ம் கிட்டத்தட்ட ஒரே நீலம். தூக்கக் கலக்கத்தில் பஸ் மாறி ஏறி எங்கள் கேட் வரைக்கும் வந்து இறங்கி முழிப்பவர்கள் உண்டு. நிறத்தை வைத்துச் செக்யூரிட்டி உள்ளே விடமாட்டார், கழுத்தில் தொங்குகிற அட்டையைத்தான் பார்ப்பார். கம்ப்யூட்டரும் அதே கதைதான். எழுத்தின் உருவத்தை அது பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ளே ஒரு நம்பர் இருக்கிறது, அதைத்தான் பார்க்கும். உருவம் ஒன்றாகவும் நம்பர் வேறாகவும் இருந்தால் அதற்கு அது வேறு எழுத்து. இவ்வளவும் எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க்கே வாங்கியிருக்கிறேன். ஆனால் என் தலைக்குள் ஃபான்ட் பேய் ஏறி உட்கார்ந்திருந்தது. "அக்கா, ஃபான்ட் விஷயம் உங்களுக்குத் தெரியாது, சும்மா இருங்க" என்று சிடுசிடுத்தேன். அக்கா நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு டப்பாவை மூடிக்கொண்டு லைனுக்குப் போனாள். நொண்டிக்கொண்டே போனாள்.

மதியம் மேனேஜர் வந்தார். அக்காவையும் லைனிலிருந்து வரவழைத்தார்கள். வேடிக்கை பார்க்கத் தாம்பரத்துப் பையனும் வந்துவிட்டான், அவனுக்கு இதிலெல்லாம் தவறாத ஆர்வம். ரிப்போர்ட் ஓடியது. மேனேஜர் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்து புது பார்ட்டில் நின்றார்.

"இது ஏன் ஜீரோ?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். ஃபான்ட், திரை, அதற்குள் எழுத்து வரைகிற முறை என்று அடுக்கிக்கொண்டே போனேன். நான் பேசப் பேச மேனேஜரின் முகம் தொங்கிக்கொண்டே போனது. "அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. கணக்கு தப்பா வருதா இல்லையா? தப்பா வந்தா நாளைக்கு அந்த ஆளை வந்து பார்க்கச் சொல்லிடறேன்" என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. நான் கற்றுக்கொடுத்த லட்சணம் இப்படி சந்தி சிரிக்கிறதே என்று பற்றிக்கொண்டு வந்தது.

"தம்பி, நீ கொஞ்சம் தள்ளு" என்றாள் அக்கா.

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். "சார், எங்க லைன்ல ஒரு பட்டை மத்ததாட்டம் இல்லாம மூஞ்சி மாறி கீதுன்னா நாங்க ஆராய்ச்சி பண்ணிகினு நிக்க மாட்டோம். தூக்கி சேப்பு டப்பால போட்டுட்டு வேற எடுப்போம். ஏன் அப்படி ஆச்சுன்றதெல்லாம் அப்பால பாத்துக்கலாம்." சொல்லிக்கொண்டே மெலிந்து நின்ற நாலு வரியையும் அழித்தாள். இரண்டு விரலால், லைனிலிருந்து வரும்போதே கையோடு எடுத்து வந்திருந்த லேபிள்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அங்கேயே அடித்தாள். எழுத்து ஒவ்வொன்றும் புஷ்டியாக வந்து நேர்கோட்டில் நின்றது. ஜீரோ பொட்டு வைத்துக்கொண்டு வந்தது. ஓடவிட்டாள். நாலு பார்ட்டுக்கும் கணக்கு டக்கென்று வந்து நின்றது. தாம்பரத்துப் பையன் கை தட்டிவிட்டான்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் மேனேஜரைத் தெரிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அவருக்கு "ஏன் ஏன்" பைத்தியம். இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் இருக்கிற வழக்கம்தான் அது: எதில் தப்பு வந்தாலும் போர்டுக்கு முன்னால் நின்று ஏன் என்று கேட்க வேண்டும், வருகிற பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்க வேண்டும், இப்படி ஐந்து தடவை தோண்டினால் அடியில் வேர் தெரியும் என்பது கணக்கு. மற்ற கம்பெனிகளில் மெஷினுக்கு மட்டும் செய்வார்கள். இவர் கேன்டீன் சாம்பாரில் உப்பு குறைந்ததற்கே ஐந்து ஏன் கேட்டதில் சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சுவரில் மாட்டியிருந்த வெள்ளை போர்டை அழித்தார், மார்க்கர் பேனாவைத் திறந்தார்.

"ஏன் ஜீரோ வந்தது?"

"புரோகிராம்ல இருந்த நம்பரும் லேபிள்ல இருக்கிற நம்பரும் ஒத்துப்போகலை சார்" என்றேன்.

"ஏன் ஒத்துப்போகலை?"

"பாக்க அதே எழுத்து, உள்ள வேற எழுத்து." இதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

"ஏன் வேற எழுத்து?"

எனக்குத் தெரியவில்லை. அக்காவைப் பார்த்தோம். அக்கா லாக்கருக்குப் போய்ப் போனை எடுத்து வந்தாள். மகள் அதில் ஸ்டைல் எழுத்து அடிக்கிற கீபோர்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் குட் மார்னிங் சொல்வதற்காக. கொடி படர்ந்த எழுத்து, இதயம் ஒட்டிய எழுத்து, வட்டத்துக்குள் எழுத்து என்று இருந்த வரிசையில் ஒன்று அச்சு அசலாக டைப்ரைட்டர் எழுத்து. அக்கா அதைத் தொட்டுக் காட்டினாள். அது ஃபான்ட்டே இல்லை. டைப்ரைட்டர் எழுத்து போல வேஷம் போட்ட வேறு எழுத்துக் கூட்டம். பார்க்கிறவர்களுக்கு அது ஸ்டைல், கம்ப்யூட்டருக்கு அது அந்நியன்.

"ஏன் இந்த ஸ்டைல்ல அடிச்சே?" என்றார் மேனேஜர்.

அக்கா என் பக்கம் கையை நீட்டினாள். "தோ, இந்தத் தம்பிதான் சார். டைப்ரைட்டர் எழுத்தா இல்லன்னா அது புரோகிராமே இல்லன்னுச்சு. சாமி விஷயம் மாதிரி சொல்லிச்சா, நானும் ராவும் பகலுமா தேடி அதே எழுத்தைக் கண்டுபுடிச்சு, ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு அடிச்சேன்."

தாம்பரத்துப் பையன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மேனேஜருக்கே அடக்க முடியவில்லை, மார்க்கரை வாயருகே வைத்து மறைத்துக்கொண்டார். காலையிலிருந்து திரையை மாற்றி, ஸ்கேல் வைத்து அளந்து, வந்தவன் போனவனிடமெல்லாம் எரிந்து விழுந்த எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய! பாடத்தை இவ்வளவு ஒழுங்காகப் பின்பற்றிய மாணவி எந்த வாத்தியாருக்கு வாய்த்திருப்பாள்?

ஏன் ஏன் கணக்கில் ஒரு விதி இருக்கிறது. காரணம் என்று ஆளை எழுதக் கூடாது. ஆளை எழுதினால் திட்டிவிட்டுப் போய்விடுவோம், தப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்பார்கள். அந்த விதிதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. மேனேஜர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் பேரைப் போட முடியாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அடிச்சிருந்தா இந்த ஸ்டைலே வந்திருக்காது. ஏன் வீட்ல போய், போன்ல அடிச்சே? அதைச் சொல்லு" என்றார்.

கடைசி ஏன் அதுதான். அவர் அதை வேகமாக, பழக்கத்தில் கேட்டார். அக்கா வேகமாகச் சொல்லவில்லை.

"இங்க எப்ப சார் அடிக்கிறது? ஷிஃப்டு பூரா லைன்ல நிக்கிறேன். பிரேக்குல வந்து இங்க உக்காந்தா பெல்லடிச்சிடுது. சாயந்திரம் வேன் போயிடும். சனிக்கெழம நீங்க வந்து சொல்லும்போது நான் கையில ஸ்கேனரப் புடிச்சிகினு நிக்கிறேன், நீங்களே பாத்தீங்க." ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "நாற்காலில உக்காந்து செய்ற வேலையைக் குடுத்தீங்க சார். நாற்காலியக் குடுக்கல."

மார்க்கர் போர்டில் தொட்டபடி நின்றது. இத்தனை நாளாக அவள் இங்கே வந்து உட்கார்ந்ததெல்லாம் அவளுடைய சாப்பாட்டு நேரம், அவளுடைய டீ நேரம். மேனேஜர் போர்டில் ஐந்தாவது வரியை எழுதினார்: உட்கார இடம் இல்லை. எழுதிவிட்டுத் திரும்பாமல் அப்படியே நின்றார். பக்கத்துக் கட்டத்தில் என்ன செய்யப் போகிறோம் என்று எழுத வேண்டும், அதை வெறுமையாக விடக் கூடாது என்பது அவரே எல்லாருக்கும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பாடம். அதில் நாற்காலி என்று எழுதினார். பொறுப்பு என்ற இடத்தில் மேனேஜர் என்று எழுதினார். எப்போது என்ற இடத்தில் இன்று என்று எழுதினார்.

அந்த நேரம் பார்த்து லைன் சூப்பர்வைசர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "அக்கா, பெட்டி குவிஞ்சு கெடக்குது, சீக்கிரம் வாங்க."

அக்கா பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டாள்.

"அவங்க வரமாட்டாங்கப்பா. லைனுக்கு வேற ஆள் போட்டுக்கோ. நாளைக்கு இன்டர்வியூ கிடையாதுன்னு அந்த ஆளுக்கும் நான் சொல்லிடறேன்" என்றார் மேனேஜர். மார்க்கரை மூடி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே போனார். சூப்பர்வைசர் ஒன்றும் புரியாமல் அவர் பின்னாலேயே போனார். பையனும் போய்விட்டான்.

அக்கா உட்கார்ந்தாள். வழக்கம் போல பொத்தென்று இல்லை, மெதுவாக, நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு. குனிந்து அந்த கனத்த சேஃப்டி ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள், ஷூவைக் கழற்றினாள், சாக்ஸை உருட்டி இறக்கினாள். நான் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் பார்த்துவிட்டேன். கணுக்காலுக்கு மேலே நீலமாகப் புடைத்து முறுக்கிக்கொண்டிருந்தது. சாக்ஸ் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க ஃபான்ட்டை மாற்றுகிற மாதிரி எதையோ தட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வராந்தாவில் யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. அக்கா சட்டென்று காலை இழுத்துக்கொண்டு பாதி எழுந்தாள். காலடிச் சத்தம் அறையைத் தாண்டிப் போனது. அவள் கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் குரலில் கேலி துளியும் இல்லாமல் நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"யாருனா வந்தா எழுந்துக்கணுமா தம்பி?"

"வேண்டாம்க்கா" என்றேன்.